பூத்தையல் அக்காவும் போகாத காவலாளியும்

உள்ளறையிலிருந்து ‘பீப்’ என்று ஒரு சத்தம். சிறிது மௌனம். மறுபடியும் ‘பீப்’.

வெட்டிக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள் பூத்தையல் அக்கா. தெருவுக்கே அவள் பெயர் அதுதான். கணவர் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து கம்ப்யூட்டரில் பூ வரைந்து, அதை எம்பிராய்டரி மெஷினுக்கு அனுப்பித் துணியில் பூக்க வைத்தாள். அவர் கண்மூடிய பிறகும் அந்தப் பூக்கள்தான் மகளைப் படிக்க வைத்தன. அத்தனை பூவும் இருந்தது அந்த ஒரே கம்ப்யூட்டர் பெட்டிக்குள்.

பெட்டிக்கு முன்னால் கொழுந்தன் உட்கார்ந்திருந்தான். கறுத்துக் கிடந்த திரையின் மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண் சிமிட்டியது.

“என்ன பண்ணீங்க தம்பி?”

“ஒண்ணும் பண்ணல அண்ணி. கம்ப்யூட்டருக்குள்ள ரெண்டாவதா ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்டுக் குடுத்தேன்ல? சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. தூக்கிட்டேன்.”

தூக்கியவன், அதை எழுப்பிவிடும் பூட் மென்பொருளைத் தூக்க மறந்திருந்தான். குடியிருந்தவர்கள் காலி செய்து போனது தெரியாத காவலாளி மாதிரி, அது இல்லாத சிஸ்டத்தைத் தேடிக்கொண்டு, வேறு யாரையும் உள்ளே விடாமல் வழிமறித்து நின்றது.

“எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மட் அடிச்சா சரியாயிடும் அண்ணி.”

“பூட்டு திறக்கலன்னா வீட்டையே இடிப்பீங்களா? உள்ள என் பூவெல்லாம் இருக்கு.”

“பூதானே? திரும்ப வரைஞ்சுக்கலாம்.”

“இந்தக் காம்பு இன்னும் கொஞ்சம் வளையட்டுமே” என்று கணவர் கடைசியாகப் பார்த்துச் சொன்ன மல்லிகைக் கொடியைத் திரும்ப வரையலாம். அந்தக் குரலை எங்கே போய் வரைவது?

கடைத்தெருவில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பெண்ணைப் போனில் அழைத்தாள். வந்தவள் கொழுந்தனை நாற்காலியிலிருந்து எழுப்பினாள்.

“மொதல்ல பூவையெல்லாம் ஒரு காப்பி எடுத்துக்கணும். அப்புறம்தான் வைத்தியம்” என்று ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டினாள். பூக்கள் வரிசையாக வந்தன. அக்கா மூக்கு திரையில் இடிக்கக் குனிந்து தேடினாள். ரோஜா இருந்தது, தாமரை இருந்தது. கொடி இல்லை.

“இதுல பழசு மட்டும்தான் இருக்குக்கா.”

“அய்யோ, இடம் பத்தலன்னு இன்னொரு டிஸ்க் மாட்டி மத்ததை அதுக்கு மாத்தினேன்” என்று கொழுந்தன் தலையைச் சொறிந்தான். “சொல்ல மறந்துட்டேன் போல.”

அக்கா பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். வாய் திறந்திருந்தால் உறவு அறுந்திருக்கும்.

பெட்டிக்குள் அடித்தட்டில், தூசிக்குள் இருந்தது இரண்டாவது டிஸ்க். கொடி அதில் இருந்தது. காம்பு வளைந்தபடியே. அவள் முந்தானையால் கண்ணை ஒற்றினாள்.

எல்லாம் காப்பியான பிறகு ரிப்பேர்காரி டிஸ்க்குகளைத் திரும்ப மாட்டினாள். “பூட் மென்பொருள் ரெண்டாவது டிஸ்க்கோட தலையில உக்காந்திருக்குக்கா. அதுக்குப் பக்கத்துலயேதான் டிஸ்க்கைப் பங்கு பிரிச்ச விவரமும் இருக்கு. கை தவறினா எல்லாம் காலி. அதான் மொதல்ல காப்பி.” ஒரு பென் டிரைவைச் செருகி, ஒரே ஒரு வரியைத் தட்டினாள். எழுப்பும் மென்பொருள் மட்டும் அழிந்தது. பழைய சிஸ்டத்துக்கு வழி பிறந்தது. கறுத்திருந்த திரை வெளிச்சமானது.

“பாத்தீங்களா அண்ணி, சின்ன விஷயம்தான்” என்றான் கொழுந்தன், தானே சரிசெய்தவன் போல. “புதுசா ஒரு சிஸ்டம் வந்திருக்காம். அடுத்த வாரம் வந்து போட்டுத் தர்றேன்.”

ரிப்பேர்காரி அக்காவைப் பார்த்தாள். அக்கா கொழுந்தனின் பையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

“வாங்க தம்பி, சாப்பிட வாங்க, ஊர்க்கதை பேச வாங்க. அந்த ரூம் பக்கம் மட்டும் வராதீங்க.”

“கோவமா அண்ணி?”

“செருப்பைப் போடுங்க.”

அவன் ஒரு செருப்பை மாட்டி, இன்னொன்றைத் தேடிக் குனிவதற்குள் கதவு சாத்தப்பட்டது.