நொயெமி விட்டுக்கொடுத்த இரண்டு நிமிடம்

நொயெமி அல்வரேங்காவுக்கு ஒரு வியாதி உண்டு. பாதியில் நிற்கிற பேச்சை விட்டுவிட்டுப் போக அவளால் முடியாது. பேருந்தில் முன்சீட்டுக்காரி போனில் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தால், யார் மேல் தப்பு என்று தெரிகிறவரை இறங்க மாட்டாள். தன் நிறுத்தம் தாண்டிப் போனாலும் சரி, திரும்பி நடந்து வந்துவிடுவாள். "காலுதானே வலிக்கும், மண்டை வெடிக்காதுல்ல" என்பாள். சான் அல்வரோவில் எட்டாம் நம்பர் பேருந்து ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் இது தெரியும். அவள் கிறுக்கி என்று ஒருவரும் சொன்னதில்லை. அவர்களும் அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டுதானே ஓட்டுகிறார்கள்.

எல் சால்வடோரில், உசுலுத்தான் பக்கம் பிறந்தவள். சின்ன வயதிலேயே கலிபோர்னியாவுக்கு வந்து, தையல் கம்பெனியில் இருந்தாள், ஹோட்டலில் படுக்கை விரித்தாள், கடைசியில் கரோவின் காலைச் சாப்பாட்டுக் கடை அடுப்படிக்கு வந்து சேர்ந்தாள். வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. முட்டை, பேன்கேக், உருளைக்கிழங்குப் பொரியல் எல்லாம் அவள் கை. மதியம் இரண்டு மணிக்குக் கடை மூடியதும் வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிவிட்டு, சாயங்காலம் பல் டாக்டர் கிளினிக்கைக் கூட்டித் துடைக்கப் போவாள். ஒரு சம்பளத்தில் வாடகை கட்டி வாழ்கிற ஊரா இது? ஐம்பத்தேழு வயதாகிவிட்டது. முழங்கால் இரண்டும் படியைப் பார்த்தாலே முணுமுணுக்கின்றன.

கிளினிக்குக்குப் போகிற வழியில் பேருந்து மாற வேண்டும். அந்த நிறுத்தத்துக்கு எதிரே ஒரு ஹார்டுவேர் கடை. அதன் மாடியில் சில நாள் சாயங்காலம் விளக்கு எரியும். ஜன்னலில் ஒரு தலை தெரியும், டபக்கென்று காணாமல் போகும். கொஞ்ச நேரத்தில் மறுபடி மேலே வரும். அப்புறம் இன்னொரு தலை மறையும். பிரார்த்தனையா, நடனமா, கீழே விழுந்த எதையாவது எல்லோரும் சேர்ந்து தேடுகிறார்களா? பல வருஷமாக நொயெமி இதைப் பார்த்து மாய்ந்துபோகிறாள். மேலே ஏறிப் போய்ப் பார்த்தால் பேருந்து போய்விடும், பேருந்து போனால் கிளினிக் வேலை போய்விடும். பகலில் போனால் மாடிக் கதவில் பூட்டு தொங்கும். கேட்டுப் பார்த்தவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவரும் இல்லை. மனிதர்கள் எப்படித்தான் இப்படிச் சப்பென்று வாழ்கிறார்களோ என்று அவளுக்கு ஆத்திரமாக வரும்.

இந்த நிலைமையில்தான் நகரசபையில் அந்தத் தீர்மானம் வந்தது. எங்கள் ஊரில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு இருபது டாலர் ஆகும் என்று முன்னமே முடிவானதுதான். ஆனால் படிப்படியாக ஏறி அங்கே போய்ச் சேர இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. அதை முன்னால் இழுத்து, வருகிற ஜனவரியிலேயே கொடுத்துவிட்டால் என்ன என்று இரண்டு கவுன்சிலர்கள் கிளப்பிவிட்டார்கள். ஊர் இரண்டுபட்டது. 'கடைகள் மூடப்படும்' என்று வியாபாரிகள் சங்கம் சிவப்பில் அச்சடித்த தட்டியைக் கரோ வாசலில் ஒட்டினார். அவர் கடையில் பரிமாறுகிற யெசேனியா, 'ஜனவரியிலேயே' என்று எழுதிய வட்டப் பட்டனைச் சட்டையில் குத்திக்கொண்டு அந்தத் தட்டிக்குக் கீழேயே நின்று காப்பி ஊற்றினாள்.

யெசேனியாதான் நொயெமியைப் பிடித்தாள். மூத்த பெண்களை ஸ்பானிஷில் 'டோன்யா' என்றும் ஆண்களை 'டோன்' என்றும் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

"டோன்யா, நீங்க வந்து பேசணும். ரெண்டே நிமிஷம்."

"நான் என்னடி பேச? நீதான் நல்லாப் பேசுறியே."

"நான் பேசினா, சின்னப் பொண்ணு, காத்திருக்கட்டுமேன்னு சொல்லிடுவாங்க. உங்களால காத்திருக்க முடியுமா? அந்த முழங்கால வெச்சுக்கிட்டு இன்னும் ரெண்டு வருஷம் கிளினிக்கைத் துடைப்பீங்களா?"

நொயெமி கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஜனவரியில் இருபது வந்தால் கிளினிக் வேலையை விட்டுவிடலாம். சாயங்காலம் அவளுடையது ஆகிவிடும். சாயங்காலம் என்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்றே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அதோடு நகரசபைக்குள் என்னதான் நடக்கிறது என்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. சரியென்று தலையாட்டிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு, தேவாலயத்துக்குப் போடுகிற நீலச் சட்டையில் போய் உட்கார்ந்தாள். அங்கே பேச விரும்புகிறவர்கள் முதலில் பேர் கொடுக்க வேண்டும். பேர் கூப்பிட்டதும் மைக்குக்குப் போனால் பச்சை விளக்கு எரியும், முடிகிற நேரத்தில் மஞ்சள், அப்புறம் சிவப்பு. சிவப்பு வந்தால் மைக் செத்துவிடும், மேயரம்மா அடுத்த பேரைக் கூப்பிட்டுவிடுவார். கூலி விஷயம் வருவதற்கு முன்னால், காய்ந்த இலையை ஊதித் தள்ளும் மெஷின் போடுகிற இரைச்சலைப் பற்றி ஒரு மணி நேரம் அடித்துக்கொண்டார்கள். ஒரு கிழவர் அந்தச் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டினார். எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். நொயெமி மட்டும் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டாள்.

"இது இவ்வளவு நல்லா இருக்கும்னு நீ சொல்லவே இல்லியே" என்று யெசேனியாவின் காதைக் கடித்தாள்.

கூலி விஷயம் வந்தது. யெசேனியா பேசினாள், கைதட்டல் வாங்கினாள். மூன்று கடைக்காரர்கள் பேசினார்கள், அவர்களுக்கும் கைதட்டல். அப்புறம் கரோவைக் கூப்பிட்டார்கள். நொயெமிக்குத் திக்கென்றது. அவர் வருவார் என்று அவளிடம் சொல்லவில்லை. அவளும்தான் அவரிடம் சொல்லவில்லை.

கரோ ஆர்மீனியர். பெரிய மீசை, பெரிய வயிறு. கடையில் அவர் குரல் தெருமுனை வரை கேட்கும். மைக் முன்னால் என்னவோ பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல நின்றார். சங்கம் எழுதிக்கொடுத்த தாளை மூக்குக்கு நேரே பிடித்து, கடைகள் மூடும், விலை ஏறும் என்று ஒப்பித்தார். மஞ்சள் விளக்கு வந்தது. கரோ தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இது சங்கத்துல எழுதிக் குடுத்தது. என் பயம் வேற. என் பொண்டாட்டிகிட்டகூட நான் அதச் சொன்னதில்ல. அதோ உக்காந்திருக்காங்களே, எங்க கடை சமையல்காரம்மா, பத்தொன்பது வருஷமா என்கூட இருக்காங்க. ஏன் இருக்காங்க தெரியுமா?"

சிவப்பு. மைக் செத்தது. கரோவின் மீசை மட்டும் அசைந்தது.

"நேரம் முடிஞ்சுது ஐயா, நன்றி" என்றார் மேயரம்மா. கரோ தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார்.

நொயெமிக்கு வியாதி கிளம்பிவிட்டது. தான் ஏன் அங்கே இருக்கிறாள் என்று அந்த ஆள் சொல்ல வந்தாரே, அது என்ன? பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத பயம் என்றாரே, அது என்ன? எங்கள் ஊர் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பேர் கொடுத்தவர் விரும்பினால் தன் நேரத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். இலை மெஷின் விவகாரத்தில் ஒரு பெண் அப்படிக் கொடுத்ததை நொயெமி சற்று முன்னால்தான் பார்த்திருந்தாள். அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"என் நேரத்த அவருக்குக் குடுக்கிறேன்."

யெசேனியா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "டோன்யா, உங்களுக்கென்ன பைத்தியமா?"

"உங்க பேரு?" என்று மேயரம்மா கேட்டார். நொயெமி சொன்னாள். "குடுத்துட்டா நீங்க இன்னிக்கு இதுல பேச முடியாது. சம்மதமா?"

"சம்மதம். அவரச் சீக்கிரம் பேசச் சொல்லுங்க."

மறுபடி பச்சை எரிந்தது. கரோ நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நான் அவங்களுக்கு மத்த கடையவிட மணிக்கு ஒரு டாலர் கூடக் குடுக்கிறேன். அதான் இருக்காங்க. மூணு கடைக்காரன் அவங்களத் தூக்கப் பாத்தான், முடியல. நாளைக்கே எல்லாருக்கும் இருபதுன்னு நீங்க குடுத்துட்டா, என்கிட்ட என்ன இருக்கு? மேல குடுக்க எனக்கு வழி இல்ல. இந்தக் கத்துற கிழவன்கிட்ட அவங்க எதுக்கு நிக்கணும்? கடை மூடினா மூடட்டும். அந்த அடுப்புகிட்ட வேற ஆள் நிக்கிறதப் பாக்க என்னால முடியாது. அவ்வளவுதான்."

சபை சிரித்தது, கைதட்டியது. நொயெமி சிரிக்கவில்லை. அவளிடம் இதற்குப் பதில் இருந்தது. நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் மைக் இல்லை. தன் வாயைத் தானே அடைத்துக்கொண்டோமே என்று அப்போதுதான் உறைத்தது.

ஓட்டெடுப்பில் இரண்டு பேர் வேண்டும் என்றார்கள், இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். ஐந்தாமவர் வயதான கவுன்சிலர். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ரொம்ப வருஷமா இந்த வேலையில இருக்கிறவங்க, வயசானவங்க, யாராவது வந்து எங்களால ரெண்டு வருஷம் பொறுக்க முடியாதுன்னு சொல்லுவாங்கன்னு நானும் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒருத்தர்கூடச் சொல்லலியே. அப்போ முன்னாடி போட்ட கணக்குப்படியே போகட்டும்."

தீர்மானம் தோற்றது. யெசேனியா பட்டனைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். வாசலில் சொன்னாள்: "கதை கேக்கிற ஆசையில ஊர்க் கூலியையே குடுத்துட்டீங்க டோன்யா." அன்றைக்குப் பேருந்தில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டு வந்தார்கள். நொயெமி கேட்கவில்லை.

மறுநாள் காலையில், தட்டுகளை வெளியே நீட்டுகிற அடுப்படி ஜன்னலில் மீசை எட்டிப் பார்த்தது, ஆர்மீனிய வழக்கப்படி பிரியமாக 'ஜான்' சேர்த்துக் கூப்பிட்டது.

"நொயெமி ஜான், நேத்து நீ பேர் குடுத்திருந்தியா? என்ன பேச வந்தே?"

"அந்த ரெண்டு நிமிஷத்த உங்களுக்குக் குடுத்தாச்சு டோன் கரோ. இப்ப எங்கிட்ட நேரம் இல்ல. முட்டை கருகும்."

கரோவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருவர் கேட்ட தக்காளி ஜூஸை இன்னொருவருக்குக் கொடுத்தார். சில்லறையைத் தப்பாக எண்ணினார். பத்து மணிக்குக் கேட்டார், பதினொன்றுக்குக் கேட்டார். நொயெமி வாயைத் திறக்கவில்லை. வியாதி ஒட்டிக்கொண்டுவிட்டது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். இரண்டு மணிக்கு அவர் கதவைச் சாத்திவிட்டு, முட்டை வேகவைக்கும் கடிகாரத்தைத் திருகி அவள் முன்னால் வைத்தார்.

"ரெண்டு நிமிஷம். நான் வாயத் திறக்க மாட்டேன். பேசு."

யெசேனியா மேஜை துடைக்கிற சாக்கில் அங்கேயே நின்றாள். நொயெமி கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஜனவரியிலேயே குடுங்கன்னு கேக்கத்தான் வந்தேன். என் முழங்கால் ரெண்டு வருஷம் தாங்காது. கிளினிக் வேலைய விடணும். ஹார்டுவேர் கடை மாடியில தலையெல்லாம் மேலயும் கீழயும் போவுது, அது என்னன்னு பாக்காம நான் செத்துடுவேனோன்னு பயமா இருக்கு. அப்புறம் இன்னொண்ணு. உங்க ஒரு டாலருக்காக நான் இங்க இல்ல. ஆறு வருஷம் முன்னாடி ஹோட்டல்காரங்க அதுக்கு மேலயே தரேன்னாங்க. போய்ப் பாத்தேன். அவங்க அடுப்படியில ஜன்னல் இல்ல. யார் வந்தா, யாரோட வந்தா, ஏன் அழுதுட்டுப் போனா, ஒண்ணும் தெரியாது. செவுத்தப் பாத்து முட்டை போடணும். அதான் வந்துட்டேன்."

மணி அடித்தது. கரோ அதன் தலையில் தட்டி நிறுத்தினார். போய் அந்தச் சின்ன ஜன்னலின் சட்டத்தைத் துண்டால் துடைத்தார்.

"உனக்கு நான் ஜனவரியில இருபது தரேன். சங்கத்துக்காரங்க திட்டினா திட்டட்டும்."

"எனக்கு மட்டுமா? இவளுக்கு? பாத்திரம் கழுவுற தொமாசுக்கு?"

"எல்லாருக்குமா? நான் எங்க போவேன்?"

"எனக்கு மட்டும் குடுத்தா, நீங்க நேத்துச் சொன்னதுதான் உண்மைன்னு ஆயிடும். எல்லாருக்கும் ஒண்ணாக் குடுங்க. நான் போறேனா இருக்கேனான்னு பாருங்களேன். தெரிஞ்சுக்க ஆசையா இல்ல?"

கரோ மீசையைக் கடித்துக்கொண்டு ஆர்மீனிய மொழியில் என்னவோ முணுமுணுத்தார். அது நல்ல வார்த்தை இல்லை.

ஜனவரியில் கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை. பேன்கேக் விலையை ஏற்றினார், மாதக் கடைசித் திங்கட்கிழமை கடை அடைப்பு என்று போட்டார். நொயெமிக்கு மாதம் ஒருநாள் கூலி போயிற்று. ஆனாலும் வாடகைக்கு முட்டிமோதிச் சரியாக வந்தது. கிளினிக் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். யெசேனியாவுக்கு மட்டும் கோபம் முழுசாக ஆறவில்லை. "ஒரு கடைக்குக் கெடச்சுது, ஊருக்குக் கெடைக்கலியே" என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. நொயெமியும் இல்லை என்று சொல்லவில்லை. அடுத்த தடவை சபையில் இந்தப் பேச்சு வந்தால் முதல் பேர் தன்னுடையது என்றாள்.

கிளினிக்கை விட்ட பிறகு வந்த முதல் வியாழக்கிழமை சாயங்காலம், கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஹார்டுவேர் கடை மாடிப்படி ஏறினாள். கதவைத் தள்ளினாள். உள்ளே தரை முழுக்கத் தடித்த மெத்தை. அவள் வயதுக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். ஒரு பெண் கைதட்டினாள், ஒருவர் பொத்தென்று விழுந்தார். அப்புறம் உருண்டு, முட்டி போட்டு, நாற்காலியைப் பிடித்து எழுந்தார். அடுத்தவர் விழுந்தார். எலும்பு முறியாமல் விழுவதற்கும், யாரும் இல்லாதபோது தானாக எழுவதற்கும் அங்கே பழக்கினார்கள்.

இத்தனை வருஷமும் இதற்காகவா மாய்ந்தோம் என்று நொயெமி நின்ற இடத்திலேயே வயிறு குலுங்கச் சிரித்தாள். "வாங்க, முழங்கால் எப்படி?" என்று அவள் கதவைப் பிடித்து நிற்பதைப் பார்த்து அந்தப் பெண் கேட்டாள். நொயெமி செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் போய் நின்றாள்.

வெள்ளிக்கிழமை காலை, கடை திறப்பதற்கு முன்பே மீசை ஜன்னலுக்குள் வந்துவிட்டது.

"ஜான், மேல ஏறினியா? என்னதான் பண்றாங்க அங்க?"

நொயெமி முட்டையைத் திருப்பிப் போட்டாள்.

"ரெண்டு நிமிஷம் ஆகும் டோன் கரோ" என்றாள். "கடிகாரத்த எடுத்துட்டு வாங்க."