மடி மாறிய வேப்பங்கன்று

எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தவருக்கு அவர் மடி சொந்தமில்லை. நிற்கிறவர்கள் கையிலிருக்கும் பையை, தூக்குப்போசியை, பூக்கூடையை, சமயத்தில் குழந்தையையே அந்த மடியில் வைத்துவிடுவார்கள். "கொஞ்சம் வெச்சுக்குங்க" என்று சொல்வது உண்டு, கட்டாயமில்லை. வாங்கியவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே ஒரு கையால் அணைத்துக்கொள்வார். இறங்குகிற இடம் வந்ததும் கொடுத்தவர் கையை நீட்டுவார், சாமான் வந்துவிடும். பஸ்ஸுக்குச் சக்கரம் எப்படியோ அப்படித்தான் மடியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, எங்கள் பள்ளிக்கூடத்தில் சுற்றுச்சூழல் மன்றம் ஒன்று தொடங்கினார்கள். தொடங்கியவர் சயின்ஸ் மிஸ். மிஸ்ஸுக்குப் புகை என்றாலே ஆகாது. பள்ளி வாசலில் அப்பாமார்கள் ஸ்கூட்டரை உறுமவிட்டுக்கொண்டு நிற்பதைக் கண்டால் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வணக்கம் சொல்வார். மன்றத்தில் சேருகிறவர்கள் டவுன் பஸ்ஸில்தான் பள்ளிக்கு வரவேண்டும் என்பது அவர் போட்ட முதல் விதி. அடுத்த விதி இன்னும் விசேஷமானது. ஊரின் மறுகோடியில், பெரிய குளத்தை ஒட்டிய பழைய பகுதியில், இன்னொரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கேயும் ஒரு மன்றம். எங்களில் ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு ஜோடி. நாங்கள் வளர்த்த மரக்கன்றைப் பஸ்ஸிலேயே கொண்டுபோய் அவர்கள் பள்ளியில் நட வேண்டும். அவர்கள் வளர்த்ததை அதேபோல எங்கள் பள்ளிக்குக் கொண்டுவருவார்கள்.

"நம்ம மரத்து நெழல்ல அவங்க உக்காருவாங்க, அவங்க மரத்து நெழல்ல நாம உக்காருவோம்" என்று மிஸ் சொன்னபோது வகுப்பே கை தட்டியது. நட்டுவிட்டு வருகிறவர்களுக்கு, இலை தைத்த பச்சைத் துணிப் பட்டை ஒன்று சட்டையில் குத்தப்படும் என்றும் சொல்லியிருந்தார். நான் கை தட்டியது பட்டைக்காக.

அப்படி ஒரு ஜோடி சேர்க்கும் வேலை எதற்கு என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. அதற்குக் கொஞ்ச காலம் முன்பு ஊரில் பெரிய கலகம் நடந்து அடங்கியிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு நிறைய நாள் லீவு விட்டார்கள் என்பது தவிர அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பிறகு பஸ்கள் பழையபடி ஓடின. ஆனால் சிலர் நெரிசலிலும் தங்கள் பையைத் தாங்களே நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு நின்றார்கள். யார் மடியிலும் வைக்கவில்லை, யாரும் வாங்கிக்கொள்ளக் கை நீட்டவுமில்லை. இவர்களுக்குக் கை வலிக்காதா என்று நினைத்துக்கொண்டதோடு சரி.

என் கன்று வேப்பங்கன்று. பால் கவரில் மண் நிரப்பி, வாசலில் விழுந்த பழத்தின் கொட்டையைப் போட்டு நானே முளைக்கவைத்தது. எனக்குப் பகலிலேயே கனவு காண்கிற வியாதி உண்டு. கன்றின் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு கண்ணை அரைவாசி மூடினால் அந்தச் சாண் உயரச் செடி பெரிய மரமாகிவிடும். அதன் கிளையில் ஒரு டவுன் பஸ் நிற்கும். முகம் தெரியாத என் ஜோடி ஜன்னல் வழியாகக் கை காட்டுவாள். சாப்பிடக் கூப்பிடும் அம்மாவின் குரல் அந்தப் பஸ்ஸுக்கு விசில் மாதிரிக் கேட்கும். கன்று போய்ச் சேரும்வரை ஓர் இலைகூட ஒடியக்கூடாது என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே கவலை.

அப்பாவின் கவலை வேறு. "அந்தப் பக்கமெல்லாம் பஸ்ல எதுக்கு? நான் ஸ்கூட்டர்ல கொண்டுபோய்க் குடுத்துப்போட்டு வந்தர்றேன்" என்றார். நான் தரையில் புரண்டு அழுதேன். ஸ்கூட்டரில் போன கன்றுக்குப் பட்டை கிடையாது. அப்பா இறங்கி வந்து இன்னொரு வழி சொன்னார்: நாங்கள் பஸ்ஸில் போகவேண்டியது, அவர் ஸ்கூட்டரில் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வருவது. ஊர்ப் புகையைக் குறைக்கப் புறப்பட்ட கன்றுக்குப் புகை விட்டுக்கொண்டு ஒரு காவல். அதிலிருந்த வேடிக்கை அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அம்மாதான், "வேண்டாமுங்க, நான் கூட்டிட்டுப் போறேன். அங்கயும் புள்ளகுட்டி பெத்தவங்கதானுங்க இருக்கறாங்க" என்றாள். தைரியமாகத்தான் சொன்னாள். ஆனால் புறப்படும்போது பூட்டின கதவை மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எங்கள் ஊரில் காற்றுக்குக் குறைவில்லை. மேற்கே மலைகளுக்கு நடுவில் விட்ட இடைவெளி வழியாக வந்து, கொடியில் காயும் துணிகளைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கிற காற்று அது. ஐப்பசி மாதத்தின் அந்த ஒரு நாளில் மட்டும் அது எங்கேயோ படுத்துத் தூங்கிவிட்டது. வானம் சாம்பல் பூசிக்கொண்டு தாழ இறங்கியிருந்தது. ஜன்னலோரம் அம்மா, அம்மாவின் மடியில் கன்று, அம்மாவின் முழங்காலில் சாய்ந்துகொண்டு நான். காலடியில் அடுக்குப்போசி. அதில் என் ஜோடிக்காக வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயமும், இடியாப்பம் போலப் பிழிந்த எலுமிச்சைச் சந்தகையும், தயிர்ச்சோறும். பஸ் ஓடுகிறதா, கடைகளும் மரங்களும்தான் பின்னோக்கி மிதந்து போகின்றனவா என்று பிரித்தறிய முடியாத ஒரு சுகத்தில் நான் இருந்தேன்.

குளத்துக்குச் சற்று முன்னால் ஒரு அக்கா ஏறினார். கறுப்புப் பர்தா, தோளில் ஒரு பை, இடுப்பில் கைக்குழந்தை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ் போன பக்கமெல்லாம் சாய்ந்தார். பக்கத்தில் இருந்த மடிகள் எதுவும் அசையவில்லை. எல்லோருக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்க்க என்னவோ இருந்தது. அவரும் யாரையும் கேட்கவில்லை. அம்மா குழந்தையைப் பார்த்தாள், மடியிலிருந்த கன்றைப் பார்த்தாள், மறுபடி குழந்தையைப் பார்த்தாள்.

"கொழந்தைய இப்படிக் குடுங்க கண்ணு. இதை நீங்க புடிச்சுக்குங்க. ஸ்கூல்ல வெக்கற செடிங்க, எலை ஒடியாமப் பாத்துக்குங்க."

அக்கா ஒரு கணம் தயங்கினார். பிறகு குழந்தை இங்கே வந்தது, கன்று அங்கே போனது. கேவலம் ஒரு குழந்தைக்காக என் வேப்பங்கன்றை முன்பின் தெரியாதவர் கையில் கொடுப்பதா? ஆனால் அந்த அக்கா அதைக் காற்றில் அணையக்கூடிய விளக்கைப் பிடிப்பது போல இரண்டு விரலால் தண்டை அணைத்துப் பிடித்திருந்தார். அதனால் சும்மா இருந்தேன். கொஞ்ச தூரத்தில் முன்வரிசையில் ஓர் இடம் காலியாக, கூட்டம் அவரை அங்கே தள்ளிக்கொண்டு போய் உட்காரவைத்தது. தலைகளுக்கு நடுவே கன்றின் நுனி மட்டும் எனக்குத் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். குழந்தை அம்மாவின் தாலிக்கொடியைப் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தது.

பழைய பகுதிக்குள் திரும்புகிற இடத்தில் மணல்மூட்டைகள் அடுக்கி, போலீஸ்காரர்கள் நின்றார்கள். அந்த நாட்களில் அது சகஜம். எல்லோரும் இறங்கி, பையைத் திறந்து காட்டிவிட்டு மறுபடி ஏற வேண்டும். முன்வரிசையில் இருந்த அக்கா முதலிலேயே இறங்கிக் காட்டிவிட்டு, பின்னால் வந்த கூட்டம் நெருக்க, முதலிலேயே ஏறிப்போனார். எங்கள் முறை வந்தபோது அடுக்குப்போசியைத் திறக்கச் சொன்னார்கள். ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு அம்மா ஒவ்வொரு அடுக்காகக் கழற்றினாள். கச்சாயத்தைப் பார்த்தார்கள். சந்தகையைப் பார்த்தார்கள். தயிர்ச்சோற்றைக் கரண்டி போட்டுக் கிளறச் சொன்னார்கள். பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று யாரோ விசில் கொடுக்க, எங்கள் பஸ் புறப்பட்டது.

"ஏனுங்க! நிறுத்துங்க! நிறுத்துங்க!"

அம்மா போசியைப் போட்டுவிட்டு ஓடினாள். பஸ் முனையில் திரும்பி மறைந்தது. அதில் என் கன்று போனது. அம்மாவின் கையில் அந்த அக்காவின் குழந்தை இருந்தது.

குழந்தை வீரிட்டது. எதிரிலிருந்த டீக்கடையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். தையல்கடையிலிருந்து, செருப்புக்கடையிலிருந்து, மாடியிலிருந்து என்று ஆள் சேர்ந்துகொண்டே போயிற்று. குழந்தையின் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தாயத்து. அம்மாவின் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. சுற்றி நின்றவர்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை.

"யாரு கொழந்தைம்மா இது?" என்றார் போலீஸ்காரர்.

"எங்களுதில்லைங்க" என்றாள் அம்மா. "பஸ்ல மடியில வெச்சிருந்தேனுங்க. இவங்கம்மா அந்தப் பஸ்ல போயிட்டாங்க."

கூட்டத்தில் யாரோ எதையோ முணுமுணுத்தார்கள். வட்டம் ஓர் அடி சிறியதாயிற்று. "இங்க குடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று போலீஸ்காரர் கையை நீட்டினார். அம்மா குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"இல்லைங்க. குடுத்தவங்க கையிலதான் குடுப்பேனுங்க."

அந்த அமைதியில்தான் நான் வாய்விட்டு அழ ஆரம்பித்தேன். "என்ற வேப்பங்கன்னு போயிருச்சு! என்ற பட்டை போச்சு!" என்ன கன்று, என்ன பட்டை என்று யாருக்கும் விளங்கவில்லை. டீக்கடைக்காரர் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். அது உட்காருவதற்கா, இங்கிருந்து நகராதே என்பதற்கா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அம்மா உட்காரவில்லை.

அப்போது தெருமுனையில் முதலில் தெரிந்தது கன்றின் நுனிதான். பிறகு கறுப்புப் பர்தா. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி அந்த அக்கா திரும்பி வந்துகொண்டிருந்தார். ஓடி வரவில்லை. கல்யாண வீட்டுக்கு வருகிறவர் மாதிரி, கன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிதானமாக நடந்து வந்தார். தெரு நீளமாக இருந்தது. அவர் நடந்துகொண்டே இருந்தார். பாதித் தூரத்திலேயே கையை உயர்த்தி, தெரு முழுக்கக் கேட்கும்படி சிரித்துக்கொண்டே கூப்பிட்டார்.

"ஏனுங்கக்கா, பஸ்ஸ உட்டுப்போட்டீங்களா? நீங்க ஏறிட்டீங்கன்னுல்ல நான் உக்காந்திருந்தேன்!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. "தெரிஞ்சவங்களாம்மா?" என்று டீக்கடைக்காரர் அந்த அக்காவிடம் கேட்டார்.

"எங்கக்காதாங்ண்ணா. ஸ்கூலுக்குச் செடி வெக்கப் போறோம்."

எனக்கு இப்படி ஒரு சித்தி இருக்கிற விஷயம் அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரியவர்கள் இவ்வளவு துணிந்து பொய் சொல்வார்களா என்று ஆச்சரியப்பட்டேன். ஆனால் வட்டம் உடனே கலைந்துவிட்டது. தையல்கடைக்காரர் தன் கடைக்குப் போனார். யாரோ எங்கள் அடுக்குப்போசியைப் பொறுக்கி மூடி என் கையில் கொடுத்தார். அக்கா எங்களிடம் வந்ததும் குழந்தையை வாங்கவில்லை. முதலில் குனிந்து கன்றை என்னிடம் நீட்டினார். "இந்தா கண்ணு, ஒரு எலைகூட ஒடியல பாரு" என்றார். நான் பார்த்தேன். ஒடியவில்லை. ஆனால் அவர் கையிலிருந்த வரைக்கும் எல்லா இலைகளும் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தன.

பள்ளிக்கூடம் வரை அவர் எங்களோடு வந்தார். ஆளில்லாத ஒரு சந்தில் திரும்பியதும் சட்டென்று ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் அம்மாவிடமிருந்து குழந்தையை வாங்கி, அதன் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு அழுதாள். எதுவும் தொலையவில்லை, எதுவும் ஒடியவில்லை. இவர்களுக்கு இப்போது எதற்கு அழுகை? என் ஜோடி குழி வெட்டிவைத்துக்கொண்டு காத்திருப்பாளே என்று எனக்கு ஒரே அவசரம். "போலாம்மா, போலாம்மா" என்று தலைப்பைப் பிடித்து இழுத்தேன்.

கன்றை நட்டோம். என் ஜோடி கனவில் வந்தவளைவிடக் குட்டையாக, முன்பல் இல்லாமல் இருந்தாள். கச்சாயத்தை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு தின்றாள். எனக்குப் பட்டை கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். கடைசியில் என் தீர்ப்பையும் சொன்னேன்: "அந்த அக்காவுக்குக் கொழந்தை மேல பாசமே இல்லப்பா. நானா இருந்தா 'என்ற புள்ள, என்ற புள்ள'ன்னு கத்திக்கிட்டே ஓடி வந்திருப்பேன். அவங்க மெதுவா, சிரிச்சுக்கிட்டே வர்றாங்க." அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுக்குப்போசியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா வெளியே போய், சுத்தமாயிருந்த ஸ்கூட்டரை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

பல வருஷம் கழித்து என் கைக்குழந்தையை ஒரு நெரிசலான பஸ்ஸில் யாரோ ஒரு பெண் கேட்காமலேயே வாங்கி மடியில் வைத்துக்கொண்டபோதுதான் அந்தத் தெரு எனக்கு முழுசாகத் திரும்பி வந்தது. என் குழந்தை அந்தப் பக்கம் இருந்திருந்தால், அந்த நீளமான தெருவில் நான் எப்படி நடந்திருப்பேன்? நிச்சயமாக ஓடியிருப்பேன். கத்தியிருப்பேன். நான் கத்திக்கொண்டு ஓடி வருவதைப் பார்த்திருந்தால், குழந்தையோடு நடுவில் நிற்கிற பெண்ணை அந்த வட்டம் என்ன செய்திருக்கும் என்று யோசித்திருக்க மாட்டேன். அந்த அக்கா யோசித்திருக்கிறார். தன் பிள்ளை அழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே யோசித்திருக்கிறார்.

அன்றைக்கு நான் கவனித்தது இலைகளை மட்டும்தான். காற்று மறுபடி எழுந்துவிட்டது என்று நினைத்து, கன்றைச் சீக்கிரம் வாங்கி என் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன்.