வெறும் வைத்திருப்பவர்கள்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் அழிப்பம்மா. பள்ளிக்கூடம், மருத்துவமனை, கடை என்று ஊர்ப்பட்ட நிறுவனங்கள் தங்கள் கோப்புகளை இவள் கம்பெனியின் கிளவுடில், அதாவது இணையக் கிடங்கில், போட்டு வைத்திருந்தன. அழிக்கச் சொன்னால் அழிப்பது அவள் வேலை. சட்டப்படி நிறுவனங்கள் உரிமையாளர்கள், இவர்கள் வெறும் வைத்திருப்பவர்கள். தகவலுக்குச் சொந்தமான மனிதனே நேரில் வந்து கேட்டாலும், "உங்கள் கோரிக்கையை உரிமையாளருக்கு அனுப்பியுள்ளோம்" என்ற ஒற்றை வரிதான் பதில். அந்த வரியை எழுதிக் கொடுத்தவளே அவள்தான். மேலாளர் பாராட்டியபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் கணவர் வாயை வைத்தே கட்டிலும் பீரோவும் விற்றவர். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்கு முன் ஒரு பேச்சு மருத்துவர் அவரை உட்காரவைத்து, வாக்கியம் வாக்கியமாகப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொண்டார். பின்னால் அவர் தட்டச்சு செய்வதை அவர் குரலிலேயே போன் பேசும் என்பது ஏற்பாடு. அதைச் செய்து முடிப்பதற்குள் மருத்துவர் போய்ச் சேர்ந்தார். கிளினிக்கைப் பூட்டிவிட்டார்கள். பதிவுகள் மட்டும் இவள் வேலை பார்க்கும் கிளவுடில் கிடந்தன.

நம்ம இடத்தில்தானே இருக்கிறது என்று முதலில் அவள் நிம்மதியாகத்தான் இருந்தாள். கணவர் முறைப்படி விண்ணப்பித்தார். பதில் வந்தது. அவள் எழுதிய அதே வரி. அதை அவளிடம் காட்டிவிட்டு, தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

உரிமையாளர் இப்போது மருத்துவரின் மகன், வெளிநாட்டில் இருப்பவன். விதியை மீறி அவளே அவனுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, அப்பா விட்டுட்டுப் போனதுல எது யாரோடதுன்னே எனக்குத் தெரியாது. மாத்திக் கொடுத்து நாளைக்கு யாராவது கேஸ் போட்டா? மொத்தத்தையும் அழிச்சிடுன்னு வக்கீல் சொல்றாரு."

"அவரோட குரலை மட்டும் கொடுத்துடுங்க தம்பி."

"மன்னிச்சிடுங்கக்கா."

மறுநாளே அழிக்கச் சொல்லி உத்தரவு அவள் மேஜைக்கு வந்தது. எடுத்துக்கொண்டு மேலாளரிடம் ஓடினாள்.

"கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்க சார். அந்தத் தம்பி மனசு மாறலாம்."

"அழின்னு சொன்னப்புறம் வெச்சிருந்தா அது நம்ம தப்பாயிடும்மா." அவர் கெட்டவர் இல்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மேஜையைப் பார்த்தார். "வேணும்னா வேற யாரையாவது பண்ணச் சொல்றேன். நீ வீட்டுக்குப் போ."

சட்டம் நல்ல சட்டம்தான். ஒருவருடைய தகவல் கண்டவர் கையில் சிக்கக்கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதியது. அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் அவள் கணவரின் குரல் அவர் கையிலும் சிக்காமல் போனது. திருடலாம் என்றாலும் வழியில்லை. பதிவுகள் கடவுச்சொல்லால் பூட்டிக் கிடந்தன, அந்தச் சாவி மகனிடம். அழிக்கும் முன் ஒரு தடவை கேட்கக்கூட முடியாது.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. யாரோ ஒருவர் டீ குடித்தபடி அதை அழிப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தானே உட்கார்ந்து அழித்தாள். பிறகு அடுத்த உத்தரவை எடுத்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே கணவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. போனில் ஏதோ தட்டினார். போன் பேசியது. எல்லோருக்கும் பொதுவாக வரும், செய்தி வாசிக்கிற ஆண் குரல்.

"வருந்தாதே. வா, உணவு உண்ணலாம்."

"யாருங்க இப்படிப் பேசுவாங்க?"

அவர் மறுபடியும் தட்டினார். "நம் பேச்சு இதற்கு விளங்கவில்லை. எழுத்துத் தமிழ்தான் வருகிறது."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளை 'ஏய்' என்றும் 'லூசு' என்றும் கூப்பிட்ட மனுஷன். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் பதறிப்போய் வேகமாகத் தட்டினார்.

"அழாதே, பெண்ணே," என்றது போன்.