வால் இல்லாத பூனையும் வெள்ளி ஆமையும்

வெளிநாட்டு நினைவு நாணயம் விற்கிறவனை எங்கள் ஊரில் வியாபாரி என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. கிறுக்கன் என்றால் உடனே ஒப்புக்கொள்வார்கள். தொண்ணூறுகளில் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை போட்டிருந்தேன். இதே கிறுக்குப் பிடித்த சகோதரர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

பூனை

திசையன்விளையிலிருந்து ஒரு கருப்பட்டி வியாபாரி வந்தார். மேன் என்கிற ஐரோப்பியக் குட்டித் தீவின் வெள்ளி நாணயத்தை எடுத்து அவர் கையில் வைத்தேன். ஒரு பக்கம் ராணி, மறுபக்கம் பூனை. "அந்தத் தீவுப் பூனைக்குப் பிறவியிலேயே வால் கிடையாது அண்ணாச்சி. ரோமத்தை ஒவ்வொரு இழையாச் செதுக்கியிருக்கான், பாருங்க" என்று லென்ஸையும் நீட்டினேன்.

அவர் லென்ஸை வாங்கவில்லை. நாணயத்தை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார்.

"வாலுக்கு ஆகுற வெள்ளிய மிச்சம் புடிச்சிருக்கான் வே. யாவாரம் தெரிஞ்ச பய!"

துலக்கம்

கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் கனடா நாட்டு வெள்ளி நாணயம் ஒன்று வாங்கினார். சுற்றிலும் கண்ணாடிப் பளபளப்பு. நடுவில் குதிரை வண்டி மட்டும் பனி மூடியதுபோல் வெண்மையாக இருக்கும். அந்த மங்கலில்தான் அழகே. விரல் படக்கூடாது, ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரமே சிரித்த முகத்தோடு வந்தார். புளி போட்டுத் தேய்த்திருந்தார். வண்டி இருந்த இடம் வழுக்கையாகிவிட்டது, குதிரைகள் ஓடிவிட்டன.

"நடுவுல மட்டும் அழுக்கை அப்படியே விட்டு வித்திருக்கீரே, இப்பப் பாரும், ஒரே சீரா மின்னுதா?"

பசி

ஊர்ப் பிரமுகர்கள் சங்கத்தில் என் நாணயங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். ஓர் ஆப்பிரிக்க நாட்டு நாணயத்தைக் காட்டிப் பேசினேன். ஒற்றைத் தானியக் கதிர், அதற்குக் கீழே, எல்லோருக்கும் உணவு என்ற வாசகம். மழை பொய்த்து ஜனங்கள் ஊரைக் காலி செய்து போய்க்கொண்டிருந்த நாட்டில் அடித்தது அது என்று சொல்லி, நாணயத்தை எல்லோரும் பார்க்க உயர்த்திப் பிடித்தேன்.

தலைவர் எழுந்து என் தோளைத் தட்டி ஒலிபெருக்கியை வாங்கினார்.

"பசியப் பத்தி அருமையாப் பேசினாரு, சொதி ஆறுது, எல்லாரும் பந்திக்கு வாங்க!"

ஆமை

ஏரலிலிருந்து ஒருவர் தம் மகளுக்கு என்னைப் பார்க்க வந்தார். ஜாதகம் பொருந்தியிருந்தது, பெண்ணின் புகைப்படம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கடையைப் பார்த்துவிட்டால் முடிவு சொல்லிவிடுவார் என்று தரகர் சொல்லியிருந்தார். காபி வரவழைத்தேன். இருப்பதிலேயே உசத்தியை, ஒரு பசிபிக் தீவின் வெள்ளி நாணயத்தை, வெல்வெட் பெட்டியைத் திறந்து காட்டினேன். கடலாமை நீந்துகிறது, ஓட்டின் கட்டம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும்.

"அந்தத் தீவுல இதைக் குடுத்தா அரிசி போடுவானா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல வரவில்லை. "அங்க இதை யாரும் கண்ணாலகூடப் பாத்திருக்க மாட்டாங்க மாமா. வேற தேசத்துல அடிச்சு, என்னை மாதிரி ஆளுகளுக்குன்னே விக்கது."

காபியைப் பைய கீழே வைத்துவிட்டு எழுந்தார். அந்தச் சம்பந்தம் கடையை விட்டுப் போவதை நான் நின்று பார்த்தேன். வாசலில் காத்திருந்த தரகரிடம் அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாவ, இவரு வெல்வெட்டு விரிச்சுல்லா கூப்புட்டு வச்சிருக்காரு!"

நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லி உலக நாடுகள் அடித்தனுப்பியதை எல்லாம் விற்றுத் தீர்த்துவிட்டேன். ஜனங்கள் இலவசமாகத் தந்துவிட்டுப் போன இந்த வார்த்தைகளை வாங்கத்தான் ஆளில்லை.