இரண்டு பேருக்கான சோறு

எனக்கு வயிற்றில் பிள்ளை தங்கியது கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து. செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து கிளினிக் நடக்கிற தூரம்தான். முதல் தரம் போனபோது எங்கள் பகுதிக் கர்ப்பிணிகளைக் கவனிக்கும் மருத்துவமாது என்னை நிறுத்துப் பார்த்து, உயரத்தையும் அளந்து அட்டையில் எழுதினார்.

"தங்கச்சி, உங்கட உயரத்துக்கு நிறை கூட. இனிக் கவனமாச் சாப்பிடணும். ரத்தத்துல சீனி கூடி வருத்தம் வந்தா புள்ளைக்கும் கூடாது."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் பின்னால் வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோருக்கும் அது கேட்டது. வீடு வரும்வரை நான் தலை நிமிரவில்லை.

அம்மா எங்களோடுதான் இருந்தார். கர்ப்பம் என்று தெரிந்த நாளிலிருந்து என் சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைக் குவித்தார்.

"ரெண்டு உயிருக்குத் தின்னணும் புள்ள. வைக்கிறதத் தின்னு."

மறுத்தால் முகம் வாடிவிடும். அதனால் மறுக்கவில்லை, மறைத்தேன். அம்மா அப்பால் போனதும் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டேன். காலையில் வெறும் பிளேன்டீ, மத்தியானம் இரண்டு வாய், இரவில் ஒன்றுமில்லை. மசக்கை வாந்தியும் கூடச் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு முறை சத்தியெடுத்தபோதும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. இதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

இப்படியே மூன்றாம் வாரம் ஒரு காலை, என் கணவர் வாவியிலிருந்து கொண்டுவந்த மணலை மீனைக் கிணற்றடியில் கழுவிக்கொண்டிருந்தேன். கண் இருட்டியது. விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார்கள். நிறை மூன்று கிலோ குறைந்திருந்தது. சாப்பாடு போதாமல் வந்த மயக்கம் என்று டாக்டர் சொல்ல, கிளினிக்கில் நிறை கூட என்று சொன்னதை அம்மாவிடம் சொன்னேன்.

அடுத்த நாள் காலை என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். பின்னேரம் மருத்துவமாது ஸ்கூட்டரில் வீட்டுக்கே வந்தார். அவரைக் கண்டதும் அம்மா வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"நீங்கதானே மிஸ்ஸி என்ட புள்ளையப் பட்டினி போட்டது?"

அவர் கோபப்படவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"ஓம் அம்மா, விளங்கச் சொல்லாம விட்டது என்ட பிழைதான்." பிறகு என்னைப் பார்த்தார். "தங்கச்சி, இது மெலியிற காலமில்ல. சோத்தக் கொஞ்சமாப் போட்டு கீரை, பருப்பு, மீனைக் கூட்டுங்க. தேத்தண்ணிக்குச் சீனி வேணாம். ஒரேயடியாத் தின்ன ஏலாட்டி அஞ்சாறு தரமாத் தின்னுங்க. பசியோட மட்டும் கிடக்காதீங்க."

அப்போதுதான் நான் கோழிகளுக்குப் போட்ட கதையைச் சொன்னேன்.

அம்மா என்னை விட்டு மருத்துவமாதைப் பார்த்துச் சொன்னார்: "இவ வயித்துல இரிக்கக்குள்ள நாங்க சண்டைக்குப் பயந்து ஊர விட்டு ஓடி ஒரு பள்ளிக்கூடத்துல கிடந்தம் மிஸ்ஸி. ஒரு நேரக் கஞ்சி. சில நாள் அதுவுமில்ல. புள்ள துடிக்குதா எண்டு வயித்தத் தொட்டுத் தொட்டுப் பாப்பன்."

முப்பத்து மூன்று வருடத்தில் அம்மா இதை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நான் அவரது கையைப் பிடித்தேன். அவர் இழுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் முருங்கை இலைச் சுண்டலும் மீன் குழம்பும் வைத்து, அகப்பையைக் கையில் பிடித்தபடி கேட்டார்:

"இவ்வளவு சோறு காணுமா?"

"காணும்மா, போதும்."

அதற்குமேல் ஒரு பருக்கையும் வைக்கவில்லை. அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று முகத்தில் தெரிந்தது.

நாலாம் மாதத்தில் மசக்கை அடங்கியது. பின்னேரங்களில் இருவரும் வாவிக்கரையோரம் நடந்தோம். சீனி சோதித்தபோது சரியாக இருந்தது. நிறை மெல்ல மெல்ல, அளவோடு ஏறியது. மாதம் நிறைந்து மகள் பிறந்தாள், சுகமாக.

அந்த மூன்று கிழமைப் பட்டினியால் அவளுக்கு எந்தக் குறையும் வரவில்லை என்று மருத்துவமாது பலமுறை சொல்லிவிட்டார். நான் நம்புகிறேன். ஆனாலும் அவளுக்குச் சின்னக் காய்ச்சல் வந்தால் என் மனம் முதலில் போய் நிற்பது அந்த நாட்களில்தான்.