வெள்ளையாய் நின்ற கடதாசி

“அக்கா, அடுப்படியில நிக்கிற உங்களுக்கு என்ரை தோட்டத்தைப் பற்றி என்ன தெரியும்? இவ்வளவு காலமும் திண்டவை ஆராவது செத்தவையோ?”

நான் திருப்பி அனுப்பிய கத்தரிக்காய்க் கூடையை என் படலைக்குள் தூக்கி வைத்துவிட்டு நாரந்தனைச் செல்லத்துரை அண்ணை கேட்டது இது. மரக்கறியில் நஞ்சு பார்க்கிறவளுக்கு நன்றி சொல்ல ஒருவரும் படலை திறப்பதில்லை. காயைக் கழுவிக் கழுவிக் கை வெளிறிப்போன சகோதரிகளே, உங்களுக்கு விளங்கும்.

நேசரிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு சமைப்பது மாதர் சங்கத்தில் என் பொறுப்பு. ஒருநாள் கத்தரிக்காய்க் கறி சாப்பிட்ட இரண்டு பிள்ளைகள் வாந்தியெடுத்து, வாயால் நீர் வடிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்து வந்தார்கள். பூச்சிமருந்து பார்க்காத காய் இனிப் பானைக்குள் போகாது என்று அன்றே சொல்லிவிட்டேன். “அப்ப பானைக்குள்ள என்னத்தை வைக்கிறது, உம்மட கோபத்தையோ?” என்றா சங்கத் தலைவி.

ஐஸ்

கொழும்பில் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் தங்கையின் மகள் ஒரு கட்டுக் கடதாசித் துண்டுகள் அனுப்பினாள். உயிர் உணரியாம். அதில் நொதியம் பூசியிருக்கிறது. காயின் சாற்றைத் தடவி மடித்து அமத்தினால் மூன்று நிமிடத்தில் நீலமாகும். பூச்சிமருந்து இருந்தால் நொதியம் செத்து, கடதாசி வெள்ளையாகவே நிற்கும்.

குளிரில் வைக்கச் சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் எங்கே? சூடும் குளிரும் காக்கிற சுடுதண்ணிப் போத்தலோடு ஊர்காவற்றுறை ஜெற்றியில் மீன்காரர் முன் போய் நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “மீன் வேண்டாம், ஐஸ் மட்டும் காணுமெண்டு நிக்கிற முதல் ஆள் நீங்கள்தான். வீட்டில சவம் கிவம் கிடக்கோ?”

கிணற்றுத் தண்ணீர்

பிறகு ஊரடங்கு. இரண்டு நாள் ஐஸ் இல்லை. மூன்றாம் நாள்தான் செல்லத்துரை அண்ணையின் காயைப் பார்த்து, வெள்ளையென்று கூடையைத் திருப்பினேன்.

அவர் கத்திவிட்டுப் போன பிறகு, கடதாசியின் நேர்மையை நிரூபிக்க நாங்கள் குடிக்கிற கிணற்றுத் தண்ணீரில் ஒன்றைத் தோய்த்தேன். அதுவும் வெள்ளை. இன்னொன்று. வெள்ளை. வெக்கையில் நொதியம் முன்னமே செத்திருக்கிறது. நானோ செத்த சாட்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். நான் படித்த கொன்வென்றில் சிஸ்டர்மார் முதலில் சொல்லித் தந்ததே விடையைச் சரிபார்க்கத்தான். என் மனுசன் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்: “அப்ப இந்தத் தண்ணியைக் குடிச்சு நாங்கள் இருபது வருசமாச் செத்துத்தானே கிடக்கிறம்.”

வீட்டுப் பாத்தி

புதுக் கட்டு வரும்வரை நேசரிக்குப் பருப்பும் சோறும். வந்ததும் ஐஸ் போத்தலோடு செல்லத்துரை அண்ணை வீட்டுக்குப் போய், முற்றத்தில் நின்று மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது லேசான காரியமில்லை. முதலில் நல்ல தண்ணீரில் தோய்த்துக் காட்டினேன்: நீலம். அண்ணை சிரித்தபடி சந்தைக்கு ஆய்ந்து வைத்த காயொன்றை நீட்டினார். மூன்று நிமிடம். வெள்ளை. இன்னொரு காய். வெள்ளை.

அண்ணையின் சிரிப்பு நின்றது. அவர் மானத்தைக் காப்பாற்ற, மனுசி குசினிக்குப் பின்னால் ஓடிப்போய் இரண்டு காய் ஆய்ந்து வந்தா. அதற்குக் கடதாசி வானம்போல நீலமானது. மனுசிக்குப் பெரிய சந்தோசம். “பாத்தீங்களோ அக்கா! இது நாங்கள் சமைக்கிற பாத்தி, இதுக்கு நாங்கள் மருந்தே அடிக்கிறேல்ல.”

அண்ணை கிணற்றுத் துலாவைப் பார்த்தார். மனுசி கையிலிருந்த காயைப் பார்த்தா.

“அண்ணை, நேசரிப் பானைக்கும் இந்தப் பாத்தியில இருந்தே தாங்கோவன்,” என்று கேட்டேன். கடதாசி பதில் சொல்ல மூன்று நிமிடம் போதும், அண்ணையின் பதிலுக்கு நான் அதைவிடக் கூட நேரம் நின்று பார்த்தேன்.