அண்ணன் கேட்டு வாங்கிய ரப்பர்

செம்பூர் வீட்டுக்கு இன்று வந்து, பந்தியில் உட்கார்ந்து எழுந்து, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும், அண்ணனோடு கூடப் பிறந்தவள் எழுதுகிறேன். அண்ணன் போய் வருஷம் திரும்பிவிட்டது. படத்துக்குக் கீழே பிள்ளைகள் அச்சடித்திருக்கிற நல்ல வார்த்தைகள் எல்லாம் உண்மைதான். ஆனால் மெட்ரிக் பாஸ் செய்தவர் ஏன் ஆபீஸ் உத்தியோகத்துக்குப் போகவில்லை என்று பேரன்மார் கேட்கிறார்கள். அதற்குப் பதில் தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான். எழுத்துக் கூட்டித்தான் எனக்கு எழுத வரும். மெதுவாக வருகிறது, வரட்டும்.

அண்ணன் பிறந்தது திருநெல்வேலிப் பக்கம், அம்மா பிறந்த ஊரில். பல் முளைக்கும் முன்னே பம்பாய் தாராவிக்கு வந்துவிட்டார். அங்கே அப்பாவுக்குத் தோல் பை தைக்கிற பட்டறை. முன்னால் பட்டறை, பின்னால் ஒரே ஒரு அறை, அதில் நாங்கள் எல்லாரும். அப்பா தைத்த பையைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போன வக்கீல்கள் உண்டு. அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனாலும் அப்பாவுக்கு ஓர் ஆசை. மகன் தோல் வாசனை இல்லாத சட்டை போட்டுக்கொண்டு ரயிலேறி ஆபீசுக்குப் போக வேண்டும். அதற்காகவே மாட்டுங்கா பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்.

அங்கே கிடைத்த சிநேகிதர் கிட்டு. பாலக்காட்டுக் குடும்பம். தகப்பனார் இல்லை. அம்மாவும் பிள்ளையும் மூன்றாம் மாடியில் இருந்தார்கள். எதிரே சங்கத்து ஹால், அதில் ஒரு பிங்பாங் மேஜை. தாராவிப் பையன் எதற்கு இங்கே என்று முகம் சுளித்தவர்களிடம் கிட்டு, "இவன் ஆடாத மேஜைல நானும் ஆடலை" என்று சொல்லிவிட்டு மட்டையைக் கீழே வைத்தாராம். அதற்குப் பிறகு அண்ணனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் கிட்டுவின் அம்மா பால்கனியில் வந்து நின்று கூப்பிடுவார்கள். "கிட்டூ! போறும், ஆத்துக்கு வா!" அந்தத் தெருவுக்கே அந்தக் குரல் பழக்கம். கிட்டு உள்ளேயிருந்து, "இன்னும் ஒரு ஆட்டம்மா" என்பார். போகமாட்டார்.

யுத்த காலத்தில் ஒரு மழைநாள் சாயங்காலமும் இப்படித்தான். கிட்டுவின் அம்மா மழையில் நின்று கூப்பிட்டார்கள், கிட்டு ஆடி முடித்துவிட்டு நனைந்துகொண்டு போனார். மறுநாள் சுரம். டைபாய்டு என்றார்கள். அந்த மாதமே போய்விட்டார்.

சில மாதம் கழித்துத் துறைமுகப் பக்கத்து வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றிலிருந்து ஹாலுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர்களுடைய பிங்பாங் கோஷ்டிக்கு ஆள் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஜெயிக்கிறவருக்குக் குமாஸ்தா வேலை. அண்ணனைத் தவிர யார் ஜெயிப்பார்கள்? அப்பா புதுச் சட்டைக்குத் துணி எடுத்துவிட்டார்.

இல்லாதது ரப்பர் ஒன்றுதான். அந்தக் காலத்து மட்டை வெறும் பலகை. அதன் இரண்டு பக்கமும் மெல்லிய ரப்பர்த் தகடு ஒட்டியிருக்கும், மேலே பலாக்காய்த் தோல் மாதிரி முள்முள்ளாக. அண்ணன் மட்டையில் ரப்பர் கிழிந்து தொங்கியது. ரப்பரெல்லாம் லாரி டயருக்குப் போய்க்கொண்டிருந்த சமயம், பம்பாய் முழுக்க அலைந்தும் ஒரு துண்டு கிடைக்கவில்லை. ஹால் அலமாரியில் கிட்டுவின் மட்டை கிடந்தது. சீமை ரப்பர். சங்கத்துக் காரியதரிசி, "எடுத்துக்கோ, இனிமே யாரு ஆடப் போறா" என்றார். அதன் பிடி அண்ணன் கைக்கு அடங்கவில்லை, ரப்பருக்காகத்தான் எடுத்துக்கொண்டு வந்தார்.

ஒட்டுகிற வேலை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பட்டறையில் சொல்யூஷன் என்கிற பசை டப்பா எப்போதும் உண்டு. கிட்டுவின் மட்டையிலிருந்து ரப்பரை நுனியிலிருந்து பெட்ரோல் தொட்டுத் தொட்டு அண்ணன் உரித்தார், கிழியாமல் முழுசாக வந்தது. சாயங்காலம் தன் பலகையிலும் ரப்பரின் முதுகிலும் சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, விரல் வைத்தால் பிடிக்காத அளவுக்குக் காயவிட்டு, ஓரத்தில் தொடங்கி அமுக்கி அமுக்கி ஒட்டினார். அப்படி ஒட்டினால் ஒட்டினதுதான், பிறகு நகர்த்த முடியாது. மட்டையை இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, அதன்மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தார்.

காலையில் கல்லை எடுத்தவள் நான். கல் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அடியில் ரப்பர் இரண்டும் கழன்று தனித்தனியாகக் கிடந்தன. பலகையில் பசை இருந்த தடமே இல்லை.

"சொல்யூஷன் பழசாயிருக்கும்" என்று சொல்லிவிட்டு அண்ணன் புது டப்பா உடைத்தார். அன்று சாயங்காலம் திரும்பவும் ஒட்டினார். மறுநாள் காலையிலும் அதே மாதிரிதான். மாடு படுத்த மாதிரி கனமான கல்லுக்கு அடியில், யாரோ பொறுமையாக உரித்து எடுத்து வைத்த மாதிரி இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

அடுத்த அறை அத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போய், வரிசை வரிசையாக அறைகள் உள்ள எங்கள் சால் முழுக்கச் சொல்லிவிட்டாள். "ஏட்டி, அந்தப் பையன் தன் சாமான விடமாட்டேங்கான். பாத்துக்கிடுங்க."

அப்பா இட்லித் தட்டைப் பார்த்தபடி, "அவன் எதை வேணா வச்சுக்கிடட்டும். நம்ம அம்மியத் தரச் சொல்லு. சட்னியப் பாத்து எத்தனை நாளாச்சு" என்றார்.

அண்ணன் சிரிக்கவில்லை. ஒரு ரப்பரின் முதுகை விரலால் துடைத்துப் பார்த்தார். விரலில் சாம்பல் நிறம்.

"யம்மா, இதுல என்னத்தப் பூசுன?"

"திருநீறுதாம்ல. செத்தவன் சாமான வீட்டுக்குள்ள கொண்டாந்திருக்க. சும்மா விடச் சொல்லுதியா?"

"பூசிட்டியா! ரெண்டு நாளுமா?"

"ரெண்டு நாளுந்தான், நீ காயவிட்டுட்டு அங்கிட்டுப் போனப்ப. ராவு முழுக்க இங்க படுத்துக் கெடக்கது நாங்கள்லா?"

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யம்மா, தூசி இருந்தா சொல்யூஷன் பிடிக்காது. அது திருநீறா இருந்தாலும் தூசிதான்." நாங்கள் எல்லாரும் சிரித்தோம். இரண்டு நாளாகப் பயந்ததற்கும் சேர்த்துச் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"நான் ஒண்ணுலதாம்ல பூசினேன். மத்ததுல கையே வைக்கல. அது ஏன் கழண்டுச்சு?"

அண்ணன் அடுத்த ரப்பரைத் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. துடைத்த விரலும் சுத்தமாகவே இருந்தது.  

அம்மாதான் கேட்டாள். "இதைப் பெத்தவ கையால வாங்கினியா?"

"இல்ல. ஹால் அலமாரில இருந்துச்சு. காரியதரிசி எடுத்துக்கன்னாரு."

"அவரா பெத்தாரு? கெளம்பு. கேட்டு வாங்கணும்."

அண்ணனும் அம்மாவும் நானும் ரயில் பாதையைத் தாண்டி மாட்டுங்காவுக்கு நடந்தோம். கிட்டுவின் வெறும் பலகையும் அந்த இரண்டு ரப்பரும் அப்பா தைத்த பையில் இருந்தன. மூன்றாம் மாடிக் கதவு திறந்தே இருந்தது.

"தாராவியிலருந்து வாரோம்மா. உங்க பிள்ளைக்குக் கூட்டாளி இவன்" என்றாள் அம்மா, படியில் நின்றுகொண்டே.

"படில ஏன் நிக்கறேள்? உள்ள வாங்கோ."

அண்ணன் நடந்ததை மறைக்காமல் சொன்னார். எடுத்தது, ஒட்டினது, கழன்றது எல்லாம். அந்த அம்மாளுக்கு ஆச்சரியமே இல்லை. பலகையை மடியில் வைத்துக்கொண்டார்கள். ஒரு ரப்பரை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவினார்கள். ஓரிடத்தில் முள்ளெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"இந்த எடத்துலதான் அடிப்பான். எத்தனை பேர் ஆடினாலும் அவன் அடிச்ச சத்தம் மாடிலேர்ந்தே எனக்குத் தெரியும்." பலகையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு ரப்பர் இரண்டையும் இரண்டு கையாலும் நீட்டினார்கள். "எடுத்துண்டு போ கொழந்தே. ஆனா ஒண்ணு. நான் கூப்ட்டா வந்துடணும். அவன் வரவே மாட்டான். அன்னிக்கும் மழைல நின்னு கூப்ட்டேன்."

"சரிம்மா" என்றார் அண்ணன்.

படி இறங்கும்போது அம்மா, "என்னல, யோசிக்காமச் சரின்னுட்ட?" என்றாள்.

"பெத்தவ கேக்காவ. வேற என்ன சொல்ல?"

அன்று சாயங்காலம் ஒட்டியது ஒட்டியதுதான். காலையில் நான் நகத்தால் ஓரத்தை நெம்பிப் பார்த்தேன். மரமும் ரப்பரும் ஒன்றாக முளைத்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் ஹால் வாசலில் நின்றோம். அப்பா உள்ளே, கம்பெனி துரைக்குப் பின்னால் நின்றார். புதுச் சட்டையில் அண்ணனைப் பார்க்க அவருக்கு அப்படி ஒரு பெருமை. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், ஸ்டூலில் தூங்கிக்கொண்டிருந்த மராத்திக் காவல்காரர் திடுக்கிட்டு எழுந்து, "கிட்டு ஆலா காய்?" என்றார். கிட்டு வந்துவிட்டானா என்று கேட்கிறார். அவர் மேஜைப் பக்கம் பார்க்கவே இல்லை, சத்தத்தை மட்டும் கேட்டார். காரியதரிசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அண்ணன் மட்டையை எப்படி நீட்டினாலும் பந்து ரப்பரின் அந்தத் தேய்ந்த இடத்தையே தேடிவந்து விழுந்தது. மணிக்கட்டைத் திருப்பி அடிப்பது கிட்டுவின் வழக்கம், அண்ணனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

கடைசி ஆட்டம். அண்ணன்தான் முன்னால். துரை தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அப்போது மாடியிலிருந்து குரல் வந்தது.

"கிட்டூ! போறும், ஆத்துக்கு வா!"

 அந்தக் குரலை மாதக்கணக்காக யாரும் கேட்டிருக்கவில்லை. பந்து மேஜைமேல் தத்திக்கொண்டிருந்தது. அண்ணன் அதை அடிக்கவில்லை. அப்பாவை ஒரு தரம் பார்த்தார். "ஏலே!" என்றார் அப்பா. அண்ணன் மட்டையைக் கையில் பிடித்தபடியே வெளியே நடந்து, எங்களைத் தாண்டி, தெருவைக் கடந்து மாடி ஏறினார்.

நாங்கள் பின்னாலேயே ஓடினோம். உள்ளே இலை போட்டுச் சாதம் பரிமாறி ஆவி பறந்துகொண்டிருந்தது. அந்த அம்மாள் அண்ணனை வெகு நேரம் பார்த்தார்கள். பிறகு, "நீயா? சரி, உக்காரு. சாதம் ஆறிடும்" என்றார்கள். அண்ணன் உட்கார்ந்து சாப்பிட்டார்.

வேலை எதிராளிக்குப் போயிற்று.  மறுநாள் காலையில் அப்பா பட்டறையில் தன் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு, ஊசியும் நூலும் வைத்தார். அண்ணன் வந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான். அந்தப் பட்டறையைத்தான் அண்ணன் பெரிதாக்கினார், அந்தத் தோலில்தான் இந்தச் செம்பூர் வீடும் எழுந்தது.

அதன் பிறகு அண்ணன் மேஜையில் ஆடவில்லை. ஆனால் பட்டறையில் தைத்துக்கொண்டிருப்பவர் திடீரென்று ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்து போவார். மாட்டுங்காவில் அந்த அம்மாள் பால்கனியில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். "எப்படிண்ணே தெரிஞ்சுது?" என்று கேட்டால், "கூப்பிட்டாவள்லா, உனக்குக் கேக்கலியா?" என்பார். தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவில் ரயிலே இரைந்துகொண்டு போகிறது. எனக்கு ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்த அம்மாள் காலமானபோது உறவுக்காரர்கள் வந்து காரியம் செய்தார்கள். அண்ணன் தெருவில் நின்றார். அதற்குப் பிறகும் சில சாயங்காலங்களில் ஊசியைக் குத்திவிட்டு எழுந்திருப்பார். வாசல் வரை போவார். எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவர் மாதிரி நின்றுவிட்டுத் திரும்பி வந்து உட்காருவார். அண்ணன் சம்சாரம், என் மதினி, காபியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பாள்.

கடைசியில் அண்ணன் பேச்சு நின்று படுத்திருந்தார். அன்று விளக்கேற்றுகிற நேரம். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். குரல் இருபது வயதுக் குரல். "ஆட்டம் முடிஞ்சுடுத்தும்மா. இதோ வந்துண்டே இருக்கேன்" என்றார். எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசுகிறவர்கள் இல்லை. மதினி என்னைப் பார்த்து, "யாருகிட்டப் பேசுதாவ?" என்றாள். நான் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவளுக்குத் தெரியப்போகிறது.

அந்த மட்டையையும் கூட வைத்து அனுப்ப நினைத்தோம். சுடுகாட்டிலிருந்து வந்திருந்தவர், "ரப்பர் கூடாதம்மா, கழற்றிக் கொடுங்க" என்றார். மூத்த மகன் கத்தி எடுத்து வந்தான். கத்தி படுவதற்கு முன்னே, நான் மட்டையை வாங்கித் திருப்பினபோது, ரப்பர் இரண்டும் என் கையில் வந்துவிட்டன. பலகையில் பசை இருந்த தடமே இல்லை. இத்தனை வருஷத்து ரப்பர் நொறுங்கியிருக்க வேண்டும். துணி மாதிரி மெத்தென்று இருந்தது. மரம் அண்ணனோடு போயிற்று.

நோயில் கூட இருந்து புரட்டிப் படுக்க வைத்த மருமக்கள்மார், இரத்தம் கொடுத்த பட்டறைப் பிள்ளைகள், தோள் கொடுத்த தெருக்காரர்கள், ஊரிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்த சொந்தங்கள் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும். உங்களை எங்கள் குடும்பம் மறக்காது.

ரப்பர் இரண்டும் என் பெட்டியில் வெள்ளைத் துணியில் சுற்றி இருக்கின்றன. திருநீறு பூசவில்லை. அவை எங்களுடையவை அல்ல. கிட்டுவின் வீட்டார் யாராவது எங்கேயாவது இருந்து இதைப் படித்தால், செம்பூருக்கு வந்து என்னிடம் கேளுங்கள். இரண்டு கையாலும் தருகிறேன். சீக்கிரம் வாருங்கள். இப்போதெல்லாம் விளக்கு வைக்கும் நேரத்தில் எனக்கும் கேட்கிறது.